பீச் டூர் போறப்ப பக்கத்துல இருக்கற குட்டி அக்வேரியத்தை எப்படிப் பாக்கறது: முதல் தடவை போறவங்களுக்கு

நாங்க முதல் தடவை ஒரு குட்டி அக்வேரியத்துக்குப் போனது டூரோட கடைசி நாள். ரூமைக் காலி பண்ணியாச்சு, வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, சும்மா உக்காந்திருக்கறதுக்கு அதையாவது பாத்துட்டு வரலாம்னு பையும் பெட்டியுமா உள்ள நுழைஞ்சோம். அங்க ஒரு சின்னத் தொட்டியில சுறா முட்டை வெச்சிருந்தாங்க. தோல் பை மாதிரி, நாலு மூலையிலயும் நூல் நூலா நீட்டிக்கிட்டு, பின்னாடி லைட் போட்டிருந்ததால உள்ள குட்டி நெளியறது கூடத் தெரிஞ்சுது. என் பொண்ணு பாத்துட்டு, "அப்பா, இதை நான் நேத்து மணல்ல பாத்தேன்பா, ஏதோ கிழிஞ்ச ப்ளாஸ்டிக்னு நெனச்சு தூக்கிப் போட்டுட்டேன்"னா. வா இப்பவே போய்த் தேடுவோம்னு ஒரே அடம். எங்க போறது, வண்டிக்கு நேரமாயிடுச்சு.

அதனால இந்த கைட்ல நான் சொல்ற முதல் விஷயமே இதுதான், கடைசி நாளுக்குத் தள்ளாதீங்க. முதல் நாளோ ரெண்டாவது நாளோ போயிட்டு வந்துடுங்க. உள்ள பாத்ததை எல்லாம் பசங்க மிச்ச நாள் பூரா வெளிய தேடுவாங்க, பீச்சே அவங்களுக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும். பெரிய அக்வேரியத்துல உலகத்துல இருக்கற எல்லா கடல் ஜீவனும் இருக்கும், பிரமிச்சுப் போய் வெளிய வருவோம். கடலோரமா இருக்கற சின்ன அக்வேரியத்துல பெரும்பாலும் அந்தக் கடல்ல இருக்கறதுதான் இருக்கும், அதுதான் அதோட ப்ளஸ் பாயிண்ட்டே.

எந்த நேரம் போறது

மழை வந்தா போலாம்னு எல்லாரும் ப்ளான் போட்டு வெச்சிருப்பாங்க. அதுலதான் சிக்கல், மழை வந்தா அந்த ஊருக்கு வந்திருக்கற அத்தனை குடும்பமும் நனைஞ்ச குடையோட அங்கதான் நிக்கும், ஒரு தொட்டி முன்னாடி பத்து தலை. நல்லா வெயில் அடிக்கற நாள்ல போங்க. மதியம் 11 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும் எப்படியும் பீச்ல நிக்க முடியாது, அந்த நேரத்துல உள்ள இருட்டா ஜில்லுன்னு இருக்கும், கூட்டமும் கம்மி.

போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க. சின்ன இடங்கள்ல வெப்சைட்ல போட்டிருக்கற டைமிங் பழசா இருக்கும். கேக்க வேண்டியது மூணுதான்: இன்னிக்கு திறந்திருக்கா, மீனுக்கு சாப்பாடு போடறது எத்தனை மணிக்கு, தொட்டுப் பாக்கற தொட்டி இருக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னாடி உள்ள இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. மத்த நேரத்துல கல்லுக்கு அடியில சுருண்டு கெடக்கறது எல்லாம் அப்பதான் வெளிய வரும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

பீச்லேர்ந்து நேரா ஈரத்துணியோட போயிடாதீங்க. உள்ள ஏசி போட்டிருப்பாங்க, பத்து நிமிஷத்துல பசங்க நடுங்கிக்கிட்டு வெளிய போலாம்பாங்க. குளிச்சு, மணலைத் தட்டி, துணி மாத்தி, சின்னதுங்களுக்கு ஒரு மெல்லிசு ஸ்வெட்டர்.

கையில தடவியிருக்கற சன்ஸ்க்ரீனை சோப்பு போட்டு கழுவிடுங்க, இது முக்கியம். தொட்டுப் பாக்கற தொட்டியில கை வைக்கப் போறோம்ல, அந்தத் தண்ணி சுத்திச் சுத்தி அதே தண்ணிதான், நாள் பூரா நூறு பேரு கை வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க. சன்ஸ்க்ரீன்ல வர்ற ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இந்த ரெண்டும் பவளப் பாறைக்குக் கெடுதல்னு சொல்லித்தான் ஹவாய்ல 2021 ஜனவரியிலேர்ந்து அதெல்லாம் கலந்த சன்ஸ்க்ரீனை விக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கவலைன்னா நாலடி தொட்டி என்ன பாடு படும்.

இன்னொண்ணு, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, இங்க திமிங்கலம் இருக்காது, டிவியில வர்ற மாதிரி பெரிய சுறா இருக்காதுன்னு. அதை எதிர்பாத்துட்டு வந்தா மொத்த இடமும் அவங்களுக்கு மொக்கையாத்தான் தெரியும். அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு வேலை குடுங்க. ஒருத்தர் ஒளிஞ்சிருக்கறதைக் கண்டுபிடிக்கணும், ஒருத்தர் யாரு வாயைத் தொறந்து தொறந்து மூடறாங்கன்னு எண்ணணும், அந்த மாதிரி.

உள்ள போனதும்

முதல் ரவுண்டு ஓட விட்டுடுங்க. ஆமா, நிஜமாத்தான் சொல்றேன். ஓடாதே, நில்லு, இதைப் படின்னு ஆரம்பத்துலயே பிடிச்சு வெச்சா ரெண்டு பக்கமும் டென்ஷன். சின்ன இடம்தானே, பத்து நிமிஷத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவாங்க, அதுக்குள்ள நம்ம கண்ணும் இருட்டுக்குப் பழகிடும். அப்புறம் கேளுங்க, எந்த மூணு தொட்டி பிடிச்சுதுன்னு. ரெண்டாவது ரவுண்டு அந்த மூணு தொட்டிக்கு மட்டும்தான். ஒவ்வொண்ணு முன்னாடியும் அஞ்சு நிமிஷம், கடிகாரம் பாத்து. காலியா இருக்குன்னு நெனச்ச தொட்டியில மூணாவது நிமிஷம் மணல் கண்ணை முழிச்சுப் பாக்கும், அப்பதான் தெரியும் அது மணல் இல்ல தட்டை மீனுன்னு. (தட்டை மீன் குஞ்சா இருக்கறப்ப மத்த மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்ணோடதான் இருக்கும், வளர வளர ஒரு கண்ணு தலையைத் தாண்டி அந்தப் பக்கத்துக்குப் போயிடும். ஒரே பக்கம் ரெண்டு கண்ணு ஏன்னு பசங்க கண்டிப்பா கேப்பாங்க.)

எங்க அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க மாட்டாங்க. நீங்க போங்க நான் இங்கயே இருக்கேன்னு ஆக்டோபஸ் தொட்டி முன்னாடி பெஞ்ச்ல உக்காந்துட்டாங்க. நாங்க எல்லாத்தையும் பாத்துட்டு வந்தா, "அது கலர் மாறுச்சுடா, கல்லு கலர்லேர்ந்து செவப்பா ஆச்சு, ஒரு கை மட்டும் வந்து கண்ணாடியைத் தடவிப் பாத்துது, அப்புறம் என்னையே பாத்துக்கிட்டு இருந்துது"ன்னு கதை கதையா சொல்றாங்க. நாங்க பாத்தப்ப அது ஒரு கல்லு மாதிரிதான் கெடந்துது. உக்காந்தவங்களுக்குத்தான் கெடைக்கும் போல.

எந்தத் தொட்டியில என்ன பாக்கறது

பலகையில பேரு மட்டும்தான் இருக்கும், சில இடத்துல அந்தப் பலகையும் வெயில்ல வெளுத்த மாதிரி இருக்கும். அதனால இதைப் படிச்சிட்டுப் போங்க.

மோரே ஈல், பாம்பு மாதிரி கல்லு சந்துலேர்ந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு வாயைத் தொறந்து தொறந்து மூடும். மொறைக்குது கடிக்க வருதுன்னு எல்லாரும் நெனப்பாங்க, பாவம் அது மூச்சு விடுது அவ்வளவுதான், வாய் வழியா தண்ணியை இழுத்தாத்தான் செவுளுக்குப் போகும். ஆனா தொண்டைக்குள்ள ரெண்டாவதா ஒரு தாடை இருக்கு, முன் தாடை இரையைக் கவ்வினதும் உள் தாடை முன்னாடி வந்து பிடிச்சு உள்ள இழுத்துக்கும். அது எப்படி வேலை செய்யுதுன்னு 2007லதான் சரியா கண்டுபிடிச்சாங்க. இதைச் சொன்னா பத்து வயசுப் பசங்க அந்தத் தொட்டியை விட்டு நகரவே மாட்டாங்க.

கடல் குதிரையில அப்பாதான் கர்ப்பம். அம்மா முட்டையை அப்பா வயித்துப் பையில போட்டுடும், பொரிச்சு வெளிய விடறது அவரு பொறுப்பு. அதுக்கு இரைப்பையே கெடையாது, சாப்பிடறது சீக்கிரமா வெளிய போயிடும், அதனால நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கணும். ஏதாவது ஒண்ணு வாலால செடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அது முன்னாடி சின்ன இறால் போனா டக்குனு உறிஞ்சும், கண் சிமிட்டினா மிஸ் ஆயிடும்.

ஆரஞ்சும் வெள்ளையுமா க்ளவுன் ஃபிஷ் எல்லா அக்வேரியத்துலயும் இருக்கும், பசங்க ஓடிப் போய் நிக்கற இடம். ஒரு கூட்டத்துல பெருசா இருக்கறதுதான் பொண்ணு. அது செத்துட்டா அடுத்தபடியா இருக்கற ஆண் மீன் பொண்ணா மாறிடும். இதைப் பசங்களுக்கு எப்படி விளக்கறதுன்னு யோசிச்சு வெச்சுக்கோங்க, எங்க வீட்டுல அடுத்த ஒரு வாரம் இதேதான் கேள்வி.

ஜெல்லி மீன் தொட்டி மட்டும் ஏன் உருண்டையா இருக்குன்னு கவனிங்க. அதுக்கு நீச்சல் கம்மி, தண்ணி போற பக்கம் போகும், சதுரத் தொட்டியில விட்டா மூலையில மாட்டிக்கிட்டு கிழிஞ்சிடும். அதனால மூலையே இல்லாம செஞ்சு, தண்ணியை மெதுவா வட்டமா சுத்த விடுவாங்க. மூளை கெடையாது, இதயம் கெடையாது, எலும்பு கெடையாது, ஒடம்புல 95 சதவீதம் போல தண்ணிதான்.

ஆக்டோபஸுக்கு மூணு இதயம், ரத்தம் நீலம். தொட்டி மூடி நல்லா இறுக்கமா பூட்டியிருக்கான்னு பாருங்க, அதுக்குப் பின்னாடி கதை இருக்கு. நியூசிலாந்துல நேப்பியர்னு ஒரு ஊரு அக்வேரியத்துல 2016ல இங்க்கின்னு ஒரு ஆக்டோபஸ், மூடி லேசா தொறந்திருந்த ராத்திரி வெளிய வந்து, தரையில ஊர்ந்து, சுமார் 50 மீட்டர் நீள வடிகால் குழாய்க்குள்ள பூந்து கடலுக்கே போயிடுச்சு. பல வகை ஆக்டோபஸ் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் உயிரோட இருக்கும், அதனால போன வருஷம் பாத்ததே இந்த வருஷமும் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, பசங்ககிட்ட பாத்து பேசுங்க.

கடல் ஆமை இருந்தா அது ஏன் இங்க இருக்குன்னு கேளுங்க. நல்ல இடமா இருந்தா அடிபட்டு வந்ததா இருக்கும். படகு மோதின ஆமைக்கு சில சமயம் ஓட்டுக்கு அடியில காத்து தங்கிடும், பின்பக்கம் மேல தூக்கிக்கிட்டே மிதக்கும், முங்க முடியாது. அந்த மாதிரி ஆமைக்கு முதுகுல வெயிட் ஒட்டியிருப்பாங்க. எங்க பையன் அதைப் பாத்துட்டு ஆமைக்கு ஸ்கூல் பேகுன்னான்.

பெருசா இல்லாத சுறா ரெண்டு தரையில படுத்துக் கெடக்கும். செத்துப் போச்சான்னு கேப்பாங்க. சுறான்னாலே நீந்திக்கிட்டே இருந்தாத்தான் மூச்சு விடும்னு நம்மளும் சின்ன வயசுல கேட்டிருப்போம், அது சில வகைக்குத்தான். தரையில வாழற வகை படுத்த எடத்துலயே வாயால தண்ணியை இழுத்து மூச்சு விடும்.

தொட்டுப் பாக்கற தொட்டி

இங்கதான் நிதானம் வேணும். முதல்ல கையைத் தண்ணியில அலசுங்க, காஞ்ச கையோட தொடக்கூடாது. ரெண்டு விரல், மெதுவா, முதுகுல மட்டும். பிடிக்கக்கூடாது, தூக்கக்கூடாது, தண்ணியை விட்டு வெளிய எடுக்கவே கூடாது. நட்சத்திர மீனைத் தூக்கி போட்டோ எடுக்கறது எல்லா ஊருலயும் நடக்குது, அது அடியில நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிக் குழாய்க் கால் வெச்சு பிடிச்சுக்கிட்டிருக்கும், வெடுக்குனு இழுத்தா அந்தக் கால் பிஞ்சிடும். அதோட அடிப்பக்கம் பாக்கணும்னா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கறதைத் தேடுங்க, கால் ஒவ்வொண்ணா நகர்றது நல்லாத் தெரியும்.

திருக்கை இருந்தா கையைத் தட்டையா விரிச்சு தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டு சும்மா நிக்கணும், அதுவா வந்து அடியில உரசிக்கிட்டுப் போகும். வால் பக்கம் வேண்டாம். சில இடங்கள்ல முள்ளை வெட்டி விட்டிருப்பாங்க, நகம் மாதிரி திரும்ப வளரும், இருந்தாலும் நம்ம பழக்கம் நல்லதா இருக்கட்டும்.

கையில காயம், சிராய்ப்பு இருக்கறவங்க பாக்கறதோட நிறுத்திக்கோங்க. மீன் தொட்டித் தண்ணியில இருக்கற ஒரு வகை பாக்டீரியா காயம் வழியா போனா தோல்ல கட்டி மாதிரி வந்து மாசக்கணக்குல இழுக்கும். பீச்ல வெளையாடின பசங்க கையில சிராய்ப்பு இல்லாம இருக்காது, பாத்துக்கோங்க. முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் எதையும் வாயில வைக்கணும். பயப்படற குழந்தையை "தொடு தொடு ஒண்ணும் பண்ணாது"ன்னு கையைப் பிடிச்சு அழுத்தாதீங்க, எங்க சின்னவன் மூணாவது ட்ரிப்லதான் தொட்டான்.

கண்ணாடியும் போட்டோவும்

கண்ணாடியைத் தட்டக்கூடாதுன்னு போர்டு இருக்கும், ஏன்னு போட்டிருக்க மாட்டாங்க. காத்துல சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் போனா தண்ணியில 1500 மீட்டர் போகும், மீனுக்கு காது மட்டும் இல்லாம ஒடம்பு ரெண்டு பக்கமும் அதிர்வை உணர்ற ஒரு கோடே இருக்கு. நம்ம வீட்டுக் கதவை ஒருத்தர் நாள் பூரா இடிச்சுக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும், அது மாதிரி.

போட்டோவுக்கு ஃப்ளாஷை ஆஃப் பண்ணிடுங்க. பெரும்பாலான மீனுக்கு இமையே கெடையாது, மூடிக்க முடியாது, அதுவும் போக கண்ணாடியில வெள்ளைத் திட்டுதான் விழும். போனை கண்ணாடிமேல ஒட்டி வெச்சு நேரா எடுங்க, சாய்ச்சு எடுத்தா கலங்கும். நாலு எடுத்தா போதும், மிச்ச நேரம் கண்ணால பாருங்க.

அங்க வேலை பாக்கறவங்ககிட்ட பேசுங்க

சின்ன இடத்தோட பெரிய லாபம் இதுதான். பெரிய அக்வேரியத்துல மைக்ல பேசற ஒருத்தர்தான் தெரிவாரு. இங்க டிக்கெட் கிழிக்கறவரே வாளி தூக்கிக்கிட்டு மீனுக்கு சாப்பாடு போடுவாரு, அவருக்கு ஒவ்வொண்ணோட குணமும் தெரியும். இது எங்கேர்ந்து வந்துது, இதுல யாரு ரொம்ப சேட்டை, யாருக்கு உங்களைத் தெரியும், இப்படிக் கேளுங்க. கடைசிக் கேள்வியைச் சும்மா சொல்லல. ஆர்ச்சர் ஃபிஷ்னு தண்ணியைத் துப்பி மேல இருக்கற பூச்சியை விழ வைக்கற மீன் ஒண்ணு இருக்கு, பழக்கின மனுஷ முகத்தை மத்த முகத்துலேர்ந்து பிரிச்சு அந்தப் படத்துமேல மட்டும் அது துப்புதுன்னு 2016ல ஒரு ஆராய்ச்சி வந்துது.

முடிஞ்சா பின்னாடி இருக்கற பம்ப் ரூமை எட்டிப் பாக்க முடியுமான்னு கேளுங்க, நல்ல மூடுல இருந்தா காட்டுவாங்க. மீன் கழிவுல அமோனியா வரும், அது மீனுக்கே விஷம், அதை ஃபில்டர்ல இருக்கற பாக்டீரியா படிப்படியா மாத்தி நைட்ரேட் ஆக்கும். மீன் வளக்கறவங்க உண்மையில வளக்கறது பாக்டீரியாவைத்தான்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. கடல் ஜீவனை கண்ணாடிக்குள்ள உயிரோட வெச்சுக்கத் தெரிஞ்சதே ரொம்பப் பழைய விஷயம் இல்ல, ஜான் வில்ப்ரூ பவர்னு ஒரு ஃப்ரெஞ்ச் அம்மா 1832ல சிசிலியில கண்ணாடித் தொட்டி செஞ்சு ஆக்டோபஸ் வகை ஒண்ணை ஆராய்ஞ்சாங்க, பொதுமக்கள் பாக்கற முதல் அக்வேரியம் லண்டன் ஜூவுல 1853லதான் வந்துது.

பேசறப்பவே இடம் எப்படின்னும் புரிஞ்சிடும். தண்ணி கலங்கலா இருக்கறது, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறது, ஜீவனைக் கையில குடுத்து செல்ஃபி எடுக்க விடறது, கேள்வி கேட்டா மழுப்பறது, இதெல்லாம் இருந்தா ரெண்டாவது தடவை அந்தப் பக்கம் போகாதீங்க.

வெளிய வர்ற வழியில கடை இருக்கும், தப்பிக்க முடியாது. பொம்மை, புக்கு எது வேணா வாங்கிக் குடுங்க. காஞ்ச கடல் குதிரை, பவளம், பெரிய சங்கு இதெல்லாம் வேண்டாம். கடல் குதிரை வியாபாரத்துக்கு 2004லேர்ந்து சர்வதேச கட்டுப்பாடு இருக்கு, பவளத்துக்கும் அப்படித்தான், ஏர்போர்ட்ல பையைத் தொறந்து காட்டச் சொன்னா பேச்சு வராது.

மறுநாள் பீச்ல

கடல் நல்லா உள்வாங்கற நேரத்தை விசாரிச்சு வெச்சுக்கோங்க, பெரும்பாலான இடத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வரும். அலை கொண்டு வந்து போட்ட குப்பை ஒரு கோடு மாதிரி இருக்கும்ல, காஞ்ச பாசி எல்லாம் சேந்து, அந்தக் கோட்டையே பிடிச்சுக்கிட்டு நடங்க. வெள்ளையா லேசா இருக்கற கணவாய் ஓடு கெடைக்கும். செத்த நண்டு மாதிரி கெடக்கறதைத் தூக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இருக்காது, அது செத்த நண்டு இல்ல, கழட்டிப் போட்ட சட்டை. கரையில கெடக்கற ஜெல்லி மீனைத் தொடாதீங்க, செத்தப்புறமும் கொட்டும். கூம்பு மாதிரி அழகா கோலம் போட்ட சங்கு உயிரோட இருந்தா எடுக்கவே எடுக்காதீங்க, சில வகை ஆளையே கொல்லும். கல்லைப் பொரட்டிப் பாத்தா திரும்ப அதே மாதிரி வெச்சிடணும், அடியில குடியிருக்கறவங்க வெயில்ல காஞ்சு போவாங்க. காலி சங்கையும் மூட்டை கட்டாதீங்க, சங்குக்குள்ள குடியிருக்கற நண்டு வளந்தப்புறம் பெரிய வீடு தேடித்தான் அலையும்.

அடுத்த வருஷம் வேற ஊரு, வேற கடல். இந்தத் தடவை ரெண்டாவது நாளே அக்வேரியம் போயிட்டு வந்துட்டோம். மறுநாள் காலையில என் பொண்ணு பாசிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு தேடி ஒண்ணைத் தூக்கிட்டு ஓடி வந்தா. கறுப்பா, காஞ்சு போய், மூலையில நூல் சுருண்டுக்கிட்டு. சூரியனுக்கு நேரா பிடிச்சுப் பாத்தோம், உள்ள ஒண்ணும் இல்ல, ஒரு ஓரம் மட்டும் தொறந்திருந்துது. "வெளிய போயிடுச்சுப்பா"ன்னு சொல்லிட்டு கடலையே பாத்துக்கிட்டு நின்னா.